243 பேர்தான் இறந்தார்களா?

கேள்வி: கி.பி. 357இல் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே 13,000 ரோமானியர்கள் 35,000 ஜெர்மானியர்களைத் தோற்கடித்தார்களாம். ரோமானியர் தரப்பில் இறந்தவர்கள் 243 பேர்தானாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

பதில்: வெற்றியில் சந்தேகம் வேண்டாம். 35,000ஐ மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களை உறுத்துகிற 243தான் இவற்றில் அதிகம் நம்பத்தக்க எண்.

இந்தக் கணக்கைத் தருபவர் ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ். அவர் ராணுவ அதிகாரிதான். ஆனால் அன்று களத்தில் இல்லை. படையை நடத்திய ஜூலியனும் இந்தப் போரைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார், அது கிடைக்கவில்லை. ஆக, நம்மிடம் இருப்பது வென்றவர்கள் சொன்ன கதை. எதிரே நின்ற அலமன்னிகள் என்ற ஜெர்மானியர்களை யாரும் வரிசையில் நிறுத்தி எண்ணவில்லை. பயம் பாதி, பெருமை பாதி சேர்ந்து அந்த எண் பெருத்திருக்கலாம். சொந்தப் படை அப்படியல்ல: சம்பளப் பட்டியல் வைத்திருந்த ராணுவத்துக்கு யார் திரும்பவில்லை என்பது தெரியும். 243 வீரர்களோடு 4 அதிகாரிகளும் இறந்ததாக அம்மியானுஸ் தனியே குறிப்பிடுகிறார்.

சரி, இவ்வளவு குறைவாகவா? அந்தக் காலப் போர்களில் இரு தரப்பும் கேடயத்தோடு கேடயம் முட்டி நின்றவரை சாவு குறைவு. வரிசை உடைந்து முதுகு காட்டிய பிறகுதான் படுகொலை. அன்று முதலில் ஓடியது ரோமானியர்களின் வலப்பக்கக் குதிரைப்படைதான். ஜூலியன் குறுக்கே போய்த் தடுத்து நிறுத்தினார். அலமன்னித் தலைவர்கள் முன்வரிசையைப் பிளந்து நடுவில் நின்ற பிரிமானி படைப்பிரிவுவரை வந்துவிட்டார்கள். அது அசையவில்லை. அதன்பின் ஓட்டம் எதிர்த்தரப்பில்.

ஓடியவர்களுக்குப் பின்னால் இருந்தது ரைன் நதி. துரத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று ஜூலியன் தடுத்தார். வீரர்கள் கரையில் நின்றபடியே ஈட்டி எறிந்தார்கள். களத்தில் மட்டும் 6,000 அலமன்னி உடல்கள், நதியில் போனவர்கள் கணக்கில் இல்லை என்கிறார் அம்மியானுஸ். அவர்களின் அரசன் க்னோடோமார் உயிரோடு பிடிபட்டு, பிறகு ரோமில் இறந்தான்.

இரு தரப்பு இழப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பெருமளவு உண்டாக்கியவை ஓட்டமும் நதியும்தான். பழைய போர்க் கணக்குகளைப் படிக்கும்போது எண் சிறிதா பெரிதா என்று பார்ப்பதைவிட, சொன்னவரால் அதை எண்ணியிருக்க முடியுமா என்று கேட்பது உதவும்.