புது போன் ஏன் திணறுகிறது? முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

புது போன் வாங்கிய மறுநாளே "பழசே தேவலாம் போல இருக்கே" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆப்பைத் தொட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திறக்கிறது, கேமரா வர நேரமாகிறது, பின்பக்கம் சுடுகிறது. உடனே ப்ளே ஸ்டோரில் தேடி ஒரு கிளீனர் ஆப்பை இறக்குவார்கள். அதுவும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்வார்கள். கிளீனர் போனை இன்னும் மந்தமாக்கும். ரீசெட்டோ, முடியும் தறுவாயில் இருக்கும் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

ஆகவே எதை எப்போது செய்வது என்ற வரிசை முக்கியம். நாள் கணக்கும் முக்கியம். ஆன்லைனில் வாங்கிய போனை மாற்றித் தரும் கெடு பல தளங்களில் 7 நாள்தான். ஆர்டர் பக்கத்தில் கடைசித் தேதி இருக்கும். கடையில் வாங்கியிருந்தால் பில்லில் அச்சடித்த நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். ஆண்ட்ராய்டு போன்களை வைத்தே சொல்கிறேன். ஐபோனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை இடையில் சொல்கிறேன்.

முதல் மூன்று இரவுகள்

பழைய போனிலிருந்து எல்லாம் வந்துவிட்டதாகத் திரையில் காட்டினாலும் உள்ளே வேலை முடிந்திருக்காது. ஆப்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். வாட்ஸ்ஆப் முதலில் உரையாடல்களைக் கொண்டுவந்துவிட்டு, படங்களையும் வீடியோக்களையும் பின்னணியில் இறக்கும். கேலரி ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்து முகங்களைப் பிரித்துத் தொகுக்கும். பெட்டியிலேயே வந்த ஆப்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் நாம் போனைக் கையில் எடுத்து வேகம் பார்க்கிறோம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், ஓர் ஆப்பை நிறுவும்போதே அதன் நிரல் முழுவதும் இயந்திர மொழிக்கு மாற்றப்படுவதில்லை. நீங்கள் அந்த ஆப்பில் எந்தெந்தப் பகுதிகளை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று போன் குறித்துக்கொள்ளும். பிறகு சார்ஜில், யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் நேரத்தில் அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றி வைக்கும். புது போனில் அந்தக் குறிப்புகள் இன்னும் சேர்ந்திருக்காது. முதல் நாள் திணறிய ஆப் நான்காம் நாள் சட்டென்று திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே முதல் இரவே சிஸ்டம் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து முடித்துவிடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகும் இந்த வேலைகளில் பல மறுபடி நடக்கும். நாள் தள்ளிச் செய்தால் காத்திருப்பும் இரட்டிப்பாகும். பிறகு மூன்று இரவுகள் வைஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு, திரையை அணைத்து வையுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம். கவரைக் கழற்றிவிட்டு மேசை மீது, காற்றுப் படும் இடத்தில் இருக்கட்டும். காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சூட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கருகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், தடித்த ரப்பர் கவர் போட்டு, சார்ஜ் ஏற்றிக்கொண்டே 60 ஆப்களை இறக்கினால் எந்த போனும் மந்தமாகும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்விக்கிறார்கள் சிலர். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஐபோனிலும் கதை ஏறக்குறைய இதுதான். படங்களை அலசுவது, தேடலுக்கான அட்டவணை தயாரிப்பது எல்லாம் பெரும்பாலும் பூட்டிய நிலையில் சார்ஜில் இருக்கும்போது நடக்கும். பேட்டரி குறியீடு மஞ்சளாக இருந்தால் லோ பவர் மோடு இயங்குகிறது என்று பொருள். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' போனால் நிலுவையில் உள்ள அப்டேட்கள் தெரியும். கூகுள் போட்டோஸில் உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் முடிந்ததா என்று காட்டும். இரண்டும் அமைதியாகி, போனும் சூடில்லாமல் இருந்தால், இனிமேல் தெரியும் மந்தம்தான் விசாரிக்க வேண்டிய மந்தம்.

மந்தம் எங்கே?

ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். இப்போது கால்குலேட்டர், கேமரா, கேலரி, காண்டாக்ட்ஸ் நான்கையும் திறந்து பாருங்கள். இவை சட்டென்று திறந்தால் உங்கள் போன் நன்றாகவே இருக்கிறது, மந்தம் இணையத்தில். 4ஜி போனிலிருந்து 5ஜி போனுக்கு மாறியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். 5ஜி சிக்னல் மெலிந்த இடத்தில் போன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் ஒரு நாள் மட்டும் 4ஜி அல்லது எல்டிஇ என்று வைத்து வித்தியாசம் பாருங்கள். மொபைல் டேட்டா எந்த சிம்முக்கு இயங்குகிறது, பழைய போனில் போட்ட விபிஎன் இங்கும் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஆப்கள் சரியாகத் திறக்கின்றன, ஆனால் திரையைத் தள்ளும்போது மட்டும் இழுக்கிறது என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். சாம்சங்கில் அதன் பெயர் 'மோஷன் ஸ்மூத்னஸ்'. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை வரைய 16.7 மில்லி விநாடி எடுக்கும். 120 ஹெர்ட்ஸ் திரைக்கு 8.3 போதும். 120-இல் பழகிய கண்ணுக்கு 60 உடனே மந்தமாகத் தெரியும். பேட்டரி சேவர் இயங்கினால் இந்த எண் தானாகக் குறையலாம். சில போன்களில் ப்ராசஸர் வேகமும் குறையும்.

தட்டச்சு மட்டும் தாமதமா? ஒரு நாள் வேறு கீபோர்டுக்கு மாறிப் பாருங்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு ஜிபோர்டு, செல்லினம் இரண்டும் உள்ளன. மாறியதும் சரியானால் குற்றவாளி கீபோர்டுதான். அதன் கேஷை அழித்து, தேவையற்ற மொழிகளை நீக்கினால் பெரும்பாலும் போதும்.

பழைய போனிலிருந்து வந்த சரக்கு

மூன்று நாள் கழித்தும் எல்லா ஆப்பும் திணறுகிறது என்றால், பழைய போனிலிருந்து என்னவெல்லாம் கூட வந்தன என்று பார்க்க வேண்டும். முதலில் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி. எந்தெந்த ஆப்களுக்கு அங்கே அனுமதி இருக்கிறது? ஆப் லாக்கர், கால் ரெக்கார்டர், கிளீனர் போன்றவை இந்த அனுமதியை வாங்கிக்கொண்டு திரையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் கவனித்துக்கொண்டிருக்கும். டாக்பேக் போல உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவதைத் தவிர மற்றதை அணையுங்கள். இது வேகத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் மோசடி ஏபிகே கோப்புகளில் சிலவும் இதே அனுமதியைக் கேட்கும். பெயர் தெரியாத ஒன்று அங்கே இருந்தால் அன்றே நீக்கிவிடுங்கள்.

அடுத்து சேஃப் மோடு. பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' அல்லது 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். இந்த மோடில் நீங்கள் இறக்கிய ஆப்கள் எதுவும் இயங்காது. இங்கே போன் வேகமாக இருந்தால் இறக்கிய ஆப்களில் ஒன்றுதான் இழுக்கிறது. சாதாரண நிலைக்குத் திரும்பி, லாஞ்சர், தீம், லைவ் வால்பேப்பர், ஆன்டி வைரஸ் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடுக்குப் போய்வந்தால் முகப்புத் திரையின் விட்ஜெட்கள் கலைந்துவிடக்கூடும். முன்பே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

வாட்ஸ்ஆப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்தால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை ஃபார்வேர்டு ஆனவையும் தனித்தனியாக அடுக்கியிருக்கும். குடும்பக் குழுக்களின் நாலைந்து வருடக் காலை வணக்கங்கள் அங்கே குவிந்திருக்கும். அழித்துவிட்டு ஆட்டோ டவுன்லோடையும் அணையுங்கள். மொத்தச் சேமிப்பிடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும்.

பழைய மெமரி கார்டைப் புது போனில் செருகியிருந்தால் முறைப்படி வெளியேற்றிவிட்டு ஒரு நாள் அது இல்லாமல் இயக்கிப் பாருங்கள். ஆப்களை வைக்கத் தகுந்த கார்டுகளில் ஏ1, ஏ2 என்ற குறி இருக்கும். ஏ1 என்றால் சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கும், 500 முறை எழுதும்; ஏ2 என்றால் 4,000 முறை, 2,000 முறை. குறி எதுவும் இல்லாத பழைய கார்டைப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும்

மனம் வருந்த வைக்கும் உண்மை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு வருடம் முன்பு 30,000 ரூபாய் கொடுத்து வாங்கிய போனை விட, இன்று 10,000 ரூபாய்க்கு வாங்கிய போன் உண்மையிலேயே மெதுவாக இருக்கலாம். விலை குறைந்த பல போன்களில் இன்னும் இஎம்எம்சி 5.1 வகைச் சேமிப்பகம்தான் இருக்கிறது. அது விநாடிக்குச் சுமார் 250 முதல் 300 எம்பி வரை படிக்கும். யூஎஃப்எஸ் 2.2 ஏறக்குறைய 1,000 எம்பி. கேமரா மெகாபிக்சலைப் பெரிதாக அச்சடிக்கும் விளம்பரங்களில் இந்த வரியைத் தேடினாலும் கிடைக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் முழு விவரப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

'8+8 ஜிபி ரேம்' என்பதில் இரண்டாவது 8 ரேமே கிடையாது. சேமிப்பகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்துவது. அடுப்படியில் இடமில்லை என்று பாத்திரத்தைப் பரணில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஏறி எடுப்பது மாதிரி. உண்மையான ரேம் 8 ஜிபி இருந்தால் செட்டிங்ஸின் தேடலில் 'ரேம்' என்று தட்டி இதை அணைத்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பல போன்களில் நிம்மதி தெரியும். 4 ஜிபி மட்டுமே இருந்தால் அணைக்க வேண்டாம், பரணாவது இருக்கட்டும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. பழைய போன், புது போன் இரண்டிலும் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் ஆப்பை நிறுவி, இரண்டும் ஆறியிருக்கும்போது, பேட்டரி சேவர் இல்லாமல் ஓட்டுங்கள். 'சிங்கிள் கோர்' எண்ணைப் பாருங்கள். ஆப் திறக்கும் வேகத்தை நாம் உணர்வதற்கு அதுவே நெருக்கமான அளவு. புதியதன் எண் பழையதை விடக் குறைவு என்றால் எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. கெடுவுக்குள் திருப்பித் தர வழி இருந்தால் திருப்பிவிடுவதே என் யோசனை. உங்கள் எண், அதே மாடலுக்குக் கீக்பெஞ்ச் தளத்தில் மற்றவர்கள் பெற்ற எண்களை விட வெகுவாகக் குறைந்திருந்தால் விஷயம் வேறு: உங்கள் கைக்கு வந்த போனில் பழுது இருக்கலாம்.

போனை வைத்துக்கொள்வது என்று முடிவானால் அனிமேஷனைக் குறைக்கலாம். 'அபவுட் போன்' பகுதியில் 'பில்டு நம்பர்' மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் அனிமேஷன் ஸ்கேல் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். சில வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இயங்கினால் திறக்காது. அப்படியானால் அதை அணைத்துவிட்டு, அக்சஸிபிலிட்டியில் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்' போட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் திறந்த ஆப்களை நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளி மூடும் பழக்கத்தையும் விடுங்கள். மூடிய ஆப்பை மறுபடி அடியிலிருந்து தொடங்கத்தான் அதிக நேரமும் பேட்டரியும் செலவாகும்.

ஐந்தாம் நாள் முடிவு

இத்தனைக்கும் பிறகு ஐந்தாம் நாளும் திணறினால், இப்போது ரீசெட் செய்யலாம். அதற்கு முன் வாட்ஸ்ஆப் பேக்கப்பைக் கையாலேயே ஒருமுறை எடுங்கள். ஆத்தென்டிகேட்டர் குறியீடுகள் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ளனவா என்று உறுதி செய்யுங்கள். பழைய போனை அதுவரை அழிக்கவோ விற்கவோ வேண்டாம். யூபிஐ ஆப்களை மறுபடி பதிய சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். பதிந்த முதல் 24 மணி நேரம் சில வங்கிகள் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைக்கும். ஆகவே வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் ரீசெட்டைத் தொடங்காதீர்கள்.

ரீசெட்டுக்குப் பிறகு எதையும் பழைய போனிலிருந்து கொண்டுவராமல் புதிதாக அமையுங்கள். அன்றாடம் தேவையான ஆறேழு ஆப்கள் போதும். ஓர் இரவு சார்ஜில் விட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வெறும் போனே திணறினால் கோளாறு உள்ளே இருக்கிறது. திணறுவதை இன்னொரு போனில் வீடியோ எடுங்கள், கீக்பெஞ்ச் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கெடு முடிவதற்குள் மாற்றித் தரக் கோரிப் பதிவு செய்யுங்கள். கெடு தாண்டியிருந்தால் வாரன்டியில் சர்வீஸ் சென்டர். அங்கே "சேஃப் மோடிலும், ரீசெட்டுக்குப் பிறகும் இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். முதலில் ரீசெட் செய்துவிட்டு வாருங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது. தேதி போட்ட ஜாப் ஷீட் வாங்காமல் போனைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் கூகுள் கணக்கை நீக்கி, சிம்மையும் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பேசும்போது பில்லும் ஜாப் ஷீட்டும் கையருகே இருக்கட்டும்.