திரையைப் பதிவு செய்யத் தனி மென்பொருள் எதற்கு?

கேள்வி: கணினித் திரையில் நடப்பதை வீடியோவாக எடுக்க எந்த மென்பொருளை இறக்கலாம்?

பதில்: எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூல் இருக்கிறது. விண்டோஸ், ஷிஃப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேக்கில் 2018-இல் வந்த மொஹாவி முதல் கமாண்ட், ஷிஃப்ட், 5. விண்டோஸ் 10-இல் கேம் பார். பெயரைப் பார்த்து விளையாட்டுக்கு என்று ஒதுக்காதீர்கள், மற்றச் செயலிகளையும் பிடிக்கும், ஆனால் டெஸ்க்டாப்பைப் பிடிக்காது. 'வெளி மென்பொருளில் வசதி அதிகமாயிற்றே' என்பீர்கள். உண்மைதான், முகம், திரை, பல ஒலிகள் எல்லாம் ஒன்றாக வேண்டுமென்றால் ஓபிஎஸ் போன்ற நம்பகமான ஒன்றை நாடலாம். ஆனால் திரையைப் பிடிக்கும் மென்பொருளின் கண்ணுக்கு உங்கள் வங்கிக் கணக்கும் தப்பாது. ஊர் பேர் தெரியாத ஒன்றுக்கு அந்த அனுமதியைத் தருவது வீண் துணிச்சல். எதில் எடுத்தாலும், பதிவைத் தொடங்குமுன் வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் அவையும் வீடியோவில் விழும்.