வண்டிக் குதிரை வாங்கும்போது

ஆடி மாத அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வண்டிக் குதிரை வாங்குவோர், விற்பவர் ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முன்பே ஓடிக் களைத்த குதிரை சாதுவாகத்தான் தோன்றும்! இளைப்பாறிய குதிரையைக் கண்முன்னே பூட்டச் செய்து, ஓட்டி, நிறுத்தி, பின்னுக்கும் தள்ளச் சொல்லிப் பார்க்கவும். பிறகு அவிழ்த்து, கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெல்லோட்டமாக விடவேண்டும். முன்னங்காலில் நோவிருந்தால், அக்கால் ஊன்றும்போது தலை மேலே எழும்.

வெட்டுப்பற்கள் அனைத்தும் நிலைப்பற்களாக மாற ஏறத்தாழ 5 வயதாகும். மூக்கில் பிசுபிசுத்த சளியும் தோலில் கட்டிகளும் கண்டால், விலை மலிவென்று தொடவேண்டாம். கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக் கூடியது. நோய்க்குறி தெரியாத குதிரையானாலும், இரத்தப் பரிசோதனை முடிவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே பணம் கொடுத்து ஓட்டி வரவும்.