தலையின்மேல் முக்காடு: வேதம் போதிப்பது என்ன?

வேதபகுதி: 1 கொரிந்தியர் 11:2-16

ஆராதனையில் ஜெபவேளை தொடங்கியவுடன் சேலையின் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொள்வது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் பலருடைய நெடுநாளைய வழக்கம். தாயைப் பார்த்து மகளும், பாட்டியைப் பார்த்து பேத்தியும் கற்றுக்கொண்ட பக்தியின் அடையாளம் அது. அந்தப் பெண்ணே ஊழியத்தினிமித்தம் வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்குச் செல்லும்போது, தலையை மூடாமலேயே கண்ணீரோடு ஆண்டவரை ஆராதிக்கும் சகோதரிகளைக் காண்கிறாள். ராஜஸ்தானின் கிராமம் ஒன்றுக்குச் சென்றாலோ, மாமனாரைக் கண்டதும் முகம் மறையும்படி துணியை இழுத்துவிடும் மருமகள்களைப் பார்க்கிறாள். அங்கே அந்தத் துணி மனிதருக்கு முன்பாகக் காட்டப்படும் அடக்கத்தின் அடையாளம். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ, முக்காடு போடுவது என்பது துக்கத்தையும் அவமானத்தையும்கூடக் குறிக்கும்.

ஒரே துணி, இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருளைத் தருகிறது. அப்படியானால் பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய போதனை எல்லாக் காலத்துக்கும் உரிய கட்டளையா, அந்நாளுக்கு மட்டும் உரிய ஒழுங்கா? தேவபயமுள்ள விசுவாசிகள் இதில் ஒருமித்த கருத்துடையவர்களாக இல்லை. இந்தக் கேள்வியினிமித்தம் சபைகளில் மனக்கசப்புகளும் உண்டாயிருக்கின்றன. ஆகவே இப்பகுதியைப் பொறுமையோடு ஆராய்வது அவசியம்.

கொரிந்து பட்டணத்தின் பின்னணி

பண்டைய கிரேக்க நகரமான கொரிந்து கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்ற நகரமாக மீண்டும் நிறுவினார். ஆகையால் பவுலின் நாளில் அங்கே கிரேக்கர், ரோமர், யூதர் ஆகிய பலரும் கலந்து வாழ்ந்தனர். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்தார் (அப். 18:11). பின்னர் எபேசுவில் இருந்தபோது இந்த நிருபத்தை எழுதினார்.

ரோமச் சமுதாயத்தில் மணமான பெண்ணின் தலைத்துணி அவளுடைய கண்ணியத்துக்கு அடையாளமாயிருந்தது. மறுபுறம், பலி செலுத்தும் ரோம ஆண்கள் தங்கள் மேலங்கியின் ஓரத்தைத் தலைமேல் இழுத்து மூடிக்கொள்வது மரபு. கொரிந்துவின் இடிபாடுகளிலேயே, அவ்விதமாகத் தலையை மூடிய அகஸ்து இராயனின் சிலை கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஜெபிக்கும் ஆண் தலையை மூடலாகாது என்று பவுல் கூறியது அந்த நகரத்தாருக்கு எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும். பழைய ஏற்பாட்டு ஆசாரியர்களும் தலையில் குல்லா தரித்தே ஊழியஞ்செய்தார்கள் (யாத். 28:40). ஆகவே பவுல் ரோம வழக்கத்தையோ யூத வழக்கத்தையோ அப்படியே சபைக்குள் கொண்டுவரவில்லை.

பவுல் கூறுவது

இப்பகுதி பெண்களைப் பற்றி மட்டும் பேசுவதன்று. ஆண்களுக்கும் கட்டளை உண்டு என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. பவுலின் வாதம் ஐந்து படிகளில் செல்கிறது. முதலாவது, தேவன், கிறிஸ்து, புருஷன், ஸ்திரீ என்னும் தலைமையின் ஒழுங்கு (வச. 3). இரண்டாவது, சிருஷ்டிப்பின் வரலாறு (வச. 7-9). மூன்றாவது, தேவதூதர்கள் (வச. 10). நான்காவது, சுபாவம் கற்பிக்கும் பாடம் (வச. 14, 15). ஐந்தாவது, தேவனுடைய சபைகளின் வழக்கம் (வச. 16).

இங்கே இரண்டு குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வசனத்தில் தமிழ் வேதாகமம் முக்காடு என்று கூறும் இடத்தில், கிரேக்க மூலத்தில் அதிகாரம் என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. அது புருஷனுடைய அதிகாரத்தின் கீழ் இருப்பதற்கான அடையாளம் என்பர் சிலர். சபையில் ஜெபிக்கவும் தீர்க்கதரிசனஞ்சொல்லவும் ஸ்திரீக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தின் அடையாளம் என்பர் வேறு சிலர். இரண்டாவதாக, பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவதையும் இந்த இடத்தில் பவுல் தடுக்கவில்லை. அவர்கள் அதைச் செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டே, எப்படிச் செய்ய வேண்டும் என்று போதிக்கிறார். பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறவர்களாயிருந்தார்கள் (அப். 21:9). மேலும், ஆணும் பெண்ணும் கர்த்தருக்குள் ஒருவரில்லாமல் ஒருவர் இல்லை என்ற சமநிலையையும் பவுல் நினைப்பூட்டத் தவறவில்லை (வச. 11, 12).

மூன்று விளக்கங்கள்

1. எக்காலத்துக்கும் உரிய கட்டளை: சகோதர சபையார், பெந்தெகொஸ்தே சபையார் பலர், பழமையைப் பேணும் மெனோனைட் சபையார் ஆகியோர் இவ்விதமாகவே போதிக்கின்றனர். பவுல் கொரிந்துவின் நாகரிகத்தைக் காரணமாகக் காட்டவில்லை. சிருஷ்டிப்பையும் தேவதூதர்களையுமே காரணமாகக் காட்டுகிறார். அவை மாறாதவையாதலால் கட்டளையும் மாறாது என்பது இவர்களுடைய வாதம். இது வலிமையான வாதமே. ஆயினும் கட்டளையை இவ்விதம் ஏற்போர் ஆண்களுக்குரிய பாதியையும் அதே கண்டிப்போடு கைக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

2. நியமம் நிலையானது, அடையாளம் மாறக்கூடியது: தேவன் ஏற்படுத்திய ஒழுங்கை மதிப்பதும், ஆராதனையில் கண்ணியம் காப்பதும் நிலையானவை, அவற்றைக் காட்டும் விதம் தேசத்துக்குத் தேசம் மாறும் என்பது இவர்களுடைய கருத்து. பரிசுத்த முத்தத்தால் வாழ்த்தும்படி அதே நிருபம் கூறுகிறது (16:20). தமிழ்ச் சபைகளோ கைகூப்பித் தோத்திரம் சொல்லி அந்த அன்பை வெளிப்படுத்துகின்றன. பஞ்சாபில் தலைப்பாகை கண்ணியத்தின் சின்னம். அதைக் கழற்றுவது அவமானம். அங்கே ஒரு விசுவாசி தலைப்பாகையோடு ஜெபித்தால் அவர் கிறிஸ்துவைக் கனவீனப்படுத்துகிறாரா என்று இவர்கள் கேட்கின்றனர். எனினும், சிருஷ்டிப்பை ஆதாரமாகக் காட்டிய பவுலின் வாதத்துக்கு இவர்கள் பதிலளிக்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள்.

3. நீண்ட கூந்தலே முக்காடு: பதினைந்தாம் வசனத்தில் கூந்தல் முக்காடாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதென்று கூறப்படுவதால் வேறு துணி தேவையில்லை என்பது இவர்களுடைய விளக்கம். ஆனால் ஆறாம் வசனம் இதற்கு இடையூறாக நிற்கிறது. முக்காடிடாதவள் கூந்தலையும் கத்தரித்துக்கொள்ளட்டும் என்னும் கருத்து அங்கே வருகிறது. கூந்தலே முக்காடானால், கூந்தல் இல்லாதவள் கூந்தலையும் கத்தரிக்க வேண்டும் என்றாகிவிடும், அது பொருந்தாது.

சபை வரலாற்றில்

3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன், கன்னிப் பெண்களும் தலையை மூட வேண்டும் என்று தனி நூலே எழுதினார். தம்முடைய நாளிலும் கொரிந்தியர் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டதாக அதில் குறிப்பிடுகிறார். ரோமன் கத்தோலிக்க சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஆலயத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று விதித்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்த விதி இடம்பெறவில்லை. எத்தியோப்பியாவிலும் ரஷ்யாவிலும் ஆர்த்தடாக்ஸ் சபைப் பெண்கள் இன்றும் தலையை மூடியே ஆலயத்துக்குள் செல்கின்றனர்.

சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் பெண்கள் முக்காடிடுவதை ஆதரித்தவர். ஆனாலும், அயலாருக்கு உதவும்படி விரைந்தோட வேண்டிய பெண் தலையை மூட நேரமின்றிச் சென்றால், அதில் குற்றமில்லை என்று தம்முடைய புகழ்பெற்ற இறையியல் நூலில் எழுதினார். ஒழுங்கு அன்புக்குப் பணிவிடை செய்ய வேண்டுமேயன்றி, அதற்குத் தடையாக நிற்கலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றைய சபைக்குரிய பாடம்

முக்காடிடும் சகோதரி அதை மனிதருக்குப் பயந்து செய்யாமல், தேவசமுகத்தின் உணர்வோடு செய்யக்கடவள். தலையை மூடியும் இருதயம் பெருமையால் நிறைந்திருந்தால் பயனில்லை. சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியே தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது என்று பேதுரு போதிக்கிறார் (1 பேது. 3:3, 4). முக்காடிடாத சகோதரியும் அதை ஒரு புரட்சியாகக் காட்டி, மற்றவர்களைப் பழமைவாதிகள் என்று இகழலாகாது. தான் சேர்ந்திருக்கும் சபையின் ஒழுங்கை மதிப்பது அன்பின் கனி. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணாமலும், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காமலும் இருக்கும்படி ரோமர் 14-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும்.

சபை மூப்பர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. முதன்முறையாக ஆலயத்துக்கு வரும் பெண்ணுக்கு இந்த வழக்கங்கள் எதுவும் தெரியாது. நோயுற்ற பிள்ளைக்காக ஜெபிக்க வந்தவளை வாசலிலேயே தலையை மூடச் சொல்லிக் கடிந்துகொண்டால், அவள் மறுபடியும் வராமலே போகக்கூடும். போதனைக்குக் காலம் உண்டு. வரவேற்பு அதற்கு முந்தியது.

பரிசேயனாகிய சீமோனின் வீட்டில் ஒரு பெண் தன் கூந்தலாலேயே ஆண்டவருடைய பாதங்களைத் துடைத்தாள் (லூக். 7:36-50). விருந்திலிருந்த பரிசேயனுடைய கண் அவளுடைய பாவத்தைப் பார்த்தது. ஆண்டவரோ அவளுடைய அன்பைப் பார்த்தார். மன்னிப்பையும் சமாதானத்தையும் கொடுத்து அனுப்பினார். முக்காட்டைக் குறித்த கேள்விக்கு அந்த நிகழ்ச்சி விடை கூறவில்லை. ஆனால் அக்கேள்வியை எந்தச் சிந்தையோடு அணுக வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சிந்தனைக்கு:

1. 1 கொரிந்தியர் 11:4, 5-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூறப்பட்டவை யாவை?
2. மூன்று விளக்கங்களில் எது வேதபகுதி முழுவதோடும் பொருந்துகிறது? ஏன்?
3. வேறுபட்ட வழக்கமுடைய விசுவாசியோடு சேர்ந்து ஆராதிக்கும்போது ரோமர் 14:3-ஐ எவ்வாறு கைக்கொள்ளலாம்?