இது எத்தனை பேர்? – பிள்ளைகளோடு படிக்க ஒரு வரவு செலவுப் பாடம்



சம்பளத்தன்று பின்னேரம் லயத்துப் பக்கம் போனால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "அம்மா, எனக்கு அது வேணும்." "அப்பா, போன சம்பளத்துக்கே வாங்கித் தாறேன்னு சொன்னீங்களே." பிள்ளை கேட்பதில் தப்பில்லை. பெற்றவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் நாம் சொல்லும் பதிலைக் கொஞ்சம் பாருங்கள். ஒன்று, "காசு இல்ல, போ" என்று விரட்டுகிறோம். இல்லாவிட்டால் அழுகை தாங்காமல் கடைக் கொப்பியில் கடன் எழுதி வாங்கிக் கொடுத்து விடுகிறோம். இரண்டிலும் பிள்ளை யோசிக்கப் பழகுவதில்லை. செலவு செய்யும் முன் யோசிக்க எப்படிப் பழக்குவது என்பதே இம்முறைப் பாடம்.

ஒரு வீட்டில் நடந்தது

2024 தீபாவளி நெருங்கிய நேரம். கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எங்களிடம் வந்தார். 10ஆந் தரம் படிக்கும் மகன் 40,000 ரூபா போன் கேட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "தோட்டை அடகு வச்சிரட்டுமா சேர்?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றுதான் கேட்டோம். "உங்க சம்பளச் சிட்டையை மகன் பார்த்திருக்கானா?" தாய் திகைத்துப் போனார். "அதை ஏன் சேர் பிள்ளைக்குக் காட்டணும்? மனசு வருத்தப்படுமே."

அன்று இரவு அவர் சிட்டையைக் காட்டினார். அந்த வருஷம் செப்டெம்பரில்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகியிருந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா போனால் மிச்சம் 1,242 ரூபா. பையன் கணக்கில் கெட்டிக்காரன். 40,000 ரூபாவை 1,242 ஆல் பிரித்தான். 32க்கு மேல் வந்தது. "அம்மா, இது 32 பேரா? மாசத்துக்கு உங்களுக்கு 25 பேர்தானே விழுது?" என்றானாம்.

ஒரு நாள் வேலையை நாம் 'ஒரு பேர்' என்கிறோம். 32 பேர் என்றால் ஒரு மாசமும் இன்னும் ஒரு கிழமையும், அரிசி மாவு எதுவும் வாங்காமல் அந்தத் தாய் மலை ஏற வேண்டும். கொங்காணியும் படங்கும் நனைய, அட்டைக் கடியோடு. 40,000 என்பது பையனுக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. 32 பேர் என்றதும் அம்மாவின் கால் வெடிப்பு அவன் கண்ணில் பட்டது.

அவன் உடனே சிரித்துக்கொண்டு சம்மதித்தான் என்று நாங்கள் கதை சொல்ல வரவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் தோடு அடகுக்குப் போகவில்லை. 2020இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது பாடம் போனில் வந்ததை நாம் மறக்கவில்லை. போன் தேவையே இல்லை என்று சொல்லவும் முடியாது. கடைசியில் 12,000 ரூபாவுக்கு ஒரு பாவித்த போன் போதும் என்று அவனே சொன்னான். அது 10 பேருக்குள் முடிந்தது. வீட்டிலே எல்லோரும் அதைப் பாவித்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சிட்டையைக் காட்டுங்கள். சம்பள இரவு பாயை விரித்துப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு, முற்பணம் எவ்வளவு வெட்டியிருக்கிறது, சந்தா எவ்வளவு என்று பிள்ளையே வாசிக்கட்டும். சேமலாப நிதியையும் காட்டுங்கள். நம் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். அம்மாவும் அப்பாவும் மாசா மாசம் வயோதிப காலத்துக்குச் சேமிக்கிறார்கள் என்பது அப்போதுதான் பிள்ளைக்குத் தெரியும்.

2. விலையைப் பேராக மாற்றுங்கள். நாங்கள் மேலே போட்டது 2024ஆம் வருஷக் கணக்கு. நீங்கள் உங்கள் சிட்டையில் உள்ள தொகையைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் 5,000 ரூபா சப்பாத்து 4 பேர். பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றிலும் 100 ரூபாவுக்கு மிக்சர் பக்கெட் வாங்கினால் 20 நாளில் 2,000 ரூபா. ஒன்றரைப் பேருக்கும் மேலே! சின்னச் செலவுதான் சத்தமில்லாமல் தின்னும். போன் ரீலோட்டும் அப்படித்தான்.

3. பொறுக்கப் பழக்குங்கள். சின்னச் சாமான் என்றால் ஒரு இரவு, பெரிய சாமான் என்றால் அடுத்த சம்பளம் வரை. கேட்டதை ஒரு கொப்பியில் திகதி போட்டுப் பிள்ளையே எழுதி வைக்கட்டும். அடுத்த சம்பளத்தன்று அதைத் திருப்பிப் பார்த்தால் பாதி ஆசை பறந்திருக்கும். பறக்காத ஆசை உண்மையான தேவையாக இருக்கலாம். அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.

4. கொஞ்சக் காசைக் கையில் கொடுங்கள். நீந்தத் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். கிழமைக்கு 100 ரூபா கொடுத்தால் அதற்கு மேல் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமையே முடித்து விட்டால் வெள்ளி வரை பொறுக்கட்டும். திட்ட வேண்டாம், திருப்பி நிரப்பவும் வேண்டாம். அந்தச் சின்ன நட்டம் பிள்ளைக்கு நல்ல வாத்தியார். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு பழைய பால்மா டின் போதும். ஒன்று இப்போதைக்கு, மற்றது பிறகுக்கு.

5. சேர்ந்ததைப் பத்திரப்படுத்துங்கள். கிழமைக்கு 100 ரூபா சேர்த்தால் வருஷத்துக்கு 5,200 ரூபா. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தந்தாலும், கொப்பியும் பையும் நாம்தானே வாங்க வேண்டும்? ஜனவரியில் அதற்கு உதவும். தேசிய சேமிப்பு வங்கியில் பிள்ளை பேரில் கணக்குத் திறக்கலாம். பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போய், என்னென்ன தேவை என்று முதலில் கேளுங்கள். பட்டணத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் பக்கத்துத் தபால் கந்தோரில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை

சாப்பாடு, மருந்து, படிப்பு இந்த மூன்றையும் பேர்க் கணக்குப் போட்டுப் பிள்ளையிடம் சொல்லிக் காட்டாதீர்கள். "உன்னாலதான் கடன்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. யோசிக்கப் பழக்குவதற்குத்தான் இந்தக் கணக்கு, குத்திக் காட்டுவதற்கு அல்ல.

இன்னொன்று. இந்தக் கணக்கு பெரியவர்களுக்கும் உண்டு. சம்பளத்தன்று சாராயத்துக்கு இரண்டு பேரை விட்டு விட்டு வரும் அப்பா, மகனுக்குச் சிக்கனம் சொன்னால் எடுபடுமா? நாங்களும் யோக்கியர்கள் இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து எங்கள் வீட்டுக்கும் தவணைக்கு ஒரு பெரிய டிவி எடுத்து, ஒன்றரை வருஷம் தவணை கட்டினோம். "இது எத்தனை நாள் சம்பளம்?" என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடை வாசலிலேயே திரும்பியிருப்போம்.

இந்த மாசத்து வீட்டுப்பாடம்

அடுத்த சம்பளத்துக்குள் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

– போன மாசம் நம் வீட்டில் தேவையில்லாமல் வாங்கிய சாமான் எது? அது எத்தனை பேர்?

– அதை வாங்குமுன் யார் கேட்டிருக்க வேண்டும், என்ன கேட்டிருக்க வேண்டும்?

– அந்தக் காசு மிஞ்சியிருந்தால் எதற்கு வைத்திருப்போம்?

எழுதியதை நலன்புரி அறைக்குக் கொண்டு வந்தால் சேர்ந்து பேசுவோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். 15 வயதிலும் வளையும் என்று ஒரு பையன் எங்களுக்குக் காட்டி விட்டான். உங்கள் பிள்ளையும் நாளைக்குக் கடைக்கு முன்னால் நின்று, "அம்மா, இது எத்தனை பேர்?" என்று கேட்டால், பாடம் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.