மேனுவலா, ஆட்டோவா? பழைய கார் சொல்லித் தரும் இயற்பியல்

உங்கள் அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் பேருந்து வசதி இல்லை. வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பணம் 12,000 ரிங்கிட்தான். பழைய கார் விற்பனை நிலையத்தில் ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு பெரோடுவா மைவி கார்கள் நிற்கின்றன. ஒன்று மேனுவல், மற்றொன்று ஆட்டோ. மேனுவலின் விலை சற்றுக் குறைவு. “மேனுவலை எடுத்தால் பணம் மிச்சம்” என்கிறார் அப்பா. “சாலை நெரிசலில் யார் கிளட்சை மிதித்துக்கொண்டே இருப்பது?” என்கிறார் அக்கா.

மாணவர்களே, நீங்கள் யார் பக்கம்? பதில் சொல்வதற்கு முன், காருக்குக் கியர்பெட்டி எதற்கு என்பதைத் தெரிந்துகொள்வோம்.

சக்கரத்தின் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 175/65 ஆர்14 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 114 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம் 14 அங்குலம், அதாவது 356 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைச் சேர்த்தால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். இதை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு 1.83 மீட்டர்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நிமிடத்தில் 1,833 மீட்டர் கடக்கிறது. அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,000 முறை சுழல்கிறது. நெரிசலில் 11 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 100 முறைதான்.

எஞ்சினோ நிமிடத்துக்குச் சுமார் 800 சுழற்சிக்குக் கீழே போனால் தடுமாறி நின்றுவிடும். 6,000க்கு மேல் விரட்டினால் பழுதாகும். சக்கரம் ஒரு முறை சுழல எஞ்சின் மூன்று முறை சுழலும்படி நிலையாக இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3,000 முறை சுழலும். அது வசதியான வேகம். 11 கிலோமீட்டரில் 300 முறைதான் சுழலும், எஞ்சின் நின்றுவிடும். அதனால்தான் முதல் கியரில் இந்த விகிதத்தை ஏறத்தாழ 14ஆக உயர்த்துகிறார்கள். அப்போது 11 கிலோமீட்டரிலும் எஞ்சின் 1,400 முறை நிம்மதியாகச் சுழலும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுழற்சி வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்வு இழப்பு போக, முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடுகிறது. நின்ற காரை நகர்த்தவும் கெந்திங் மேட்டில் ஏற்றவும் தேவைப்படுவது இந்த முறுக்குவிசைதான். இந்த வேலையை மேனுவல், ஆட்டோ இரண்டுமே செய்கின்றன. எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் முறையில்தான் அவை வேறுபடுகின்றன.

மேனுவல்: உராய்வின் வேலை

மேனுவல் காரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டு இருக்கிறது. மிதியை அழுத்தினால் தட்டு விலகி இணைப்பு அறுகிறது. விட்டால், எஞ்சினோடு சுழலும் சக்கரத்தின் மீது தட்டு அழுந்தி, உராய்வினால் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. ஒட்டிக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் தட்டு வழுக்கிச் சூடாகி, சிறிது சிறிதாகத் தேய்கிறது. மேட்டில் பிரேக்கை மிதிக்காமல், கிளட்சைப் பாதி விட்டே காரை நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர் கையில் இன்னும் விரைவாகத் தேயும்.

செருப்பைப் போல, தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பாகம் இது. சிறிய கார்களுக்குப் பொதுவாகச் சில நூறு ரிங்கிட்டில் முடிந்துவிடும்.

ஆட்டோ: எண்ணெயின் வேலை

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். பழைய மைவியின் நான்கு வேக ஆட்டோவில் நடப்பதும் இதுதான். காற்றுக்குப் பதில் அங்கே எண்ணெய். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெய் பாய்ந்து மற்றதைத் தள்ளுகிறது. டார்க் கன்வெர்ட்டர் என்பது இதன் பெயர். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எண்ணெய் வழுக்கிக்கொள்வதால் எஞ்சின் நிற்பதில்லை; கிளட்ச் மிதியும் தேவையில்லை.

ஆனால் அந்த வழுக்கலில் இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. அதே எண்ணெய்தான் உள்ளே உள்ள சிறு கிளட்சுகளை அழுத்துகிறது, பாகங்களுக்கு மசகாகிறது, வெப்பத்தையும் கடத்துகிறது. நீண்ட நாள் மாற்றாவிட்டால் எண்ணெய் கெட்டு, உள் கிளட்சுகள் வழுக்கி, வெப்பம் இன்னும் கூடும். இப்படி ஒரு கேடு மறு கேட்டை வளர்க்கும். முழுதாகப் பிரித்துச் சரிசெய்யப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகலாம்.

2011இல் வந்த புரோட்டோன் சாகா எஃப்.எல்.எக்ஸ். காரில் சி.வி.டி. என்ற வேறு வகை ஆட்டோ இருந்தது. அதில் தனித்தனிக் கியர்கள் இல்லை. விட்டம் மாறக்கூடிய இரண்டு கப்பிகளும் உலோகப் பட்டையும் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றுகின்றன. அதற்கும் உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே உயிர்நாடி.

பெட்ரோல் எவ்வளவு மிச்சம்?

நான்கு வேக ஆட்டோ, 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கா ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 லிட்டர் அதிகம். லிட்டர் 2 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 300 ரிங்கிட், ஐந்து ஆண்டுக்கு 1,500 ரிங்கிட்.

அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கெட்டுப்போன ஆட்டோ கியர்பெட்டியை வாங்கிவிட்டால், ஐந்தாண்டுப் பெட்ரோல் வித்தியாசத்தைவிடப் பெரிய தொகை ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே வகையைவிட, கண்முன் நிற்கும் காரின் நிலைதான் முக்கியம்.

சோதனை ஓட்டத்தில் உங்கள் வேலை

காரை ஓட்டுவது உரிமம் உள்ள பெரியவராக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள்ளையும் வேகமானியையும் கவனியுங்கள்.

மேனுவல் கார்: வாகனம் இல்லாத சாலையில், நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எண்ணெய் மிதியை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறவேண்டும். சுழற்சி முள் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது.

ஆட்டோ கார்: இங்கே அழுத்தி மிதிக்காதீர்கள். வேகமாக மிதித்தால் கார் தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கும். முள் தாவுவது அப்போது இயல்பு. மெதுவாக வேகம் கூட்டினால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் முள் சற்று இறங்கி மீண்டும் ஏறவேண்டும். மாறும் நேரத்தில் முள் மேலே பாய்ந்தால் உள்ளே வழுக்கல் உண்டு. நின்ற நிலையில் பிரேக்கை மிதித்தபடி ரிவர்சுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். நெடுநேரம் தாமதித்தாலோ ‘டக்’ என்று இடித்தாலோ எச்சரிக்கை.

சி.வி.டி.: சுழற்சி முள் ஒரே இடத்தில் நிற்க, வேகம் மட்டும் ஏறுவது இயல்பு. அதிர்வும் ஊளைச் சத்தமும்தான் இயல்பல்ல.

பண்டோங் நிறம் கண்டால் ஓடுங்கள்

நான்கு வேக ஆட்டோவின் எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும். பழுப்பாகிக் கருகிய வாடை வீசினால் அது வெப்பத்தில் கெட்டது. பண்டோங் தண்ணீரைப் போலப் பாலேறிய இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலமை மூழ்கடித்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவித் துடைத்து விற்பனைக்கு நிறுத்தலாம். கியர்பெட்டிக்குள் போன நீரைத் துணியால் துடைக்க முடியாது.

உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறிவிட்டதே என்று நிம்மதி அடையவேண்டாம். அது முக்கியமாக எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களைச் சரிபார்ப்பது. கியர்பெட்டியின் ஆயுளைச் சொல்வதன்று. வீட்டுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. பராமரிப்புப் புத்தகத்தில் கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதையும் தேடிப் பாருங்கள்.

முடிவு யார் பக்கம்?

முதலில் அக்காவின் உரிமத்தைப் பாருங்கள். டி வகை என்றால் இரண்டையும் ஓட்டலாம். டிஏ வகை என்றால் ஆட்டோ மட்டுமே. டி உரிமம் இருந்து, வேலைக்குப் போகும் பாதையில் நெரிசலும் குறைவு என்றால் மேனுவல் சிக்கனம். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஊர்ந்து செல்லவேண்டும் என்றால், நன்கு பராமரித்த ஆட்டோவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணன்று. எதை எடுத்தாலும் 12,000 ரிங்கிட்டையும் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், பேட்டரி, எண்ணெய் மாற்ற ஒரு பகுதியை ஒதுக்கிவையுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் காரின் டயர் எண்ணைக் குறித்து, அதன் சுற்றளவைக் கணக்கிடுங்கள். பள்ளிக்கூடம் வரை அந்தச் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது?