கித்தார் வேலையில் கயிறும் ஆப்பும்

கைத்தொழில் ஒன்றைத் தொடங்கக் கருதுவோர் முதன்முதல் விசாரிப்பது கருவிகளின் விலையைத்தான். தொகையைக் கேட்டவுடன் பின்வாங்குவோர் சிலர். கடன் வாங்கிக் கருவிகளை நிறைத்துவிட்டு, முதற் பொருள் விலைபோகுமுன்னரே தவணை வந்து நிற்கத் திகைப்போர் பலர். இவ்விரு திறத்தாரும் கவனித்தற்குரிய உதாரணம் ஸ்பெயின் தேசத்துக் கித்தார் தச்சரிடத்தில் உண்டு. மிகச் சிறந்தவை என்று மதிக்கப்படும் கித்தார்களுள் பல, கயிறு, ஆப்பு, வளைகழி, அச்சுப்பலகை ஆகிய இவற்றைக் கொண்டே ஒட்டப்பெற்றவை.

கித்தாரின் உடல் ஒரு மெல்லிய மரப்பெட்டி. அதன் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆகியது. கனம் 2 முதல் 2½ மில்லிமீட்டர் வரைதான். நைலான் நரம்புகள் ஆறும் சுருதி கூட்டப்பட்டிருக்கையில் அப்பலகையை இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோகிராம். எஃகுத் தந்திகளாயின் 70 முதல் 80 வரை ஆகும். ஆணியும் திருகாணியும் இன்றிப் பசை ஒன்றே இப்பெட்டியைக் கட்டி நிறுத்துகிறது. ஆகவே பசை இறுகும் வரையில் இரு மரங்களையும் இடைவெளியில்லாமல் ஒரே சீராக அழுத்தி வைத்தலே இத்தொழிலில் பாதி எனலாம். இரும்புக் கிளாம்புகளாலும் இது கூடும். ஆனால் அடிப்பலகையைச் சுற்றிலும் பிடிப்பதற்கு மாத்திரம் முப்பது வரையில் வேண்டியிருக்கும். கவனக்குறைவாக முடுக்கினால் மென்மரத்தில் தழும்பும் விழும்.

1817-ம் வருஷம் அல்மேரியா நகரையடுத்துப் பிறந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்பவர் தச்சுவேலை பழகியவர். இன்றைய ஸ்பானியக் கித்தாரின் அளவும் உருவமும் பெரும்பான்மை அவர் வகுத்தனவே. 1862-ல் அவர் பக்கங்களையும் அடிப்புறத்தையும் காகித அட்டையாற் செய்து, மேற்பலகையை மாத்திரம் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கித்தார் செய்தார். ஓசையில் பெரும்பங்கு மேற்பலகையினின்றே பிறக்கிறது என்பதை அது காட்டிற்று. அவ்வாத்தியம் பார்ஸிலோனா நகரத்து இசைக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் அவர் அல்மேரியாவில் பீங்கான் கடை நடத்திக்கொண்டே கித்தார்களும் செய்து வந்தார். பெருமுதல் இல்லாவிடில் தொழிலே இல்லை என்போர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

மேற்பலகை ஒரே அகலப் பலகையன்று. ஒரு துண்டைப் புத்தகம் விரித்தாற்போல இரண்டாகப் பிளந்து, விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சேர்ப்பது. இம்மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் நெருக்கினால் நடுமூட்டு மேலெழும்பும். மேலிருந்து மாத்திரம் அழுத்தினால் மூட்டு நெருங்காது. இரண்டையும் ஒருங்கே செய்வதற்குக் கயிறே போதும். தகடுகளைவிடச் சற்றுக் குறுகிய சட்டங்களைக் குறுக்கே பரப்பி அவற்றின்மேல் தகடுகளை வைத்து, கயிற்றை அடியாகவும் மேலாகவும் மாறிமாறிச் சுற்றுவர். கயிறு தகடுகளின் வெளிவிளிம்புகளைத் தழுவிச் செல்ல வேண்டும். பின்னர் மூட்டின்மேல், கயிற்றுக்கு அடியில், ஆப்புக்களைச் செருகுவர். ஆப்பு உள்ளே செல்லச் செல்லக் கயிறு விளிம்புகளை உள்நோக்கி நெருக்கும். ஆப்பு மூட்டைக் கீழ்நோக்கி அழுத்தும். இதனினும் எளிய முறை ஒன்றுண்டு. சமமான பலகையின்மேல் ஒரு மெல்லிய சிம்பை வைத்து, மூட்டு அதன்மேல் வருமாறு தகடுகளைக் கூரைபோற் சாய்த்து, வெளிவிளிம்புகளை ஒட்டினாற்போல் இரு சட்டங்களை ஆணியடித்து நிறுத்துக. சிம்பை உருவிவிட்டுத் தகடுகளைக் கீழே அமுக்கிப் பாரம் வைத்தால் மூட்டு தானே நெருங்கிக்கொள்ளும்.

எவ்வளவு அழுத்துவது என்பதில் புதியவர் தவறுவது இயல்பு. வலிய முடுக்கினால் பசையெல்லாம் வெளியேறி மூட்டு வறண்டுபோகும். மூட்டின் நெடுகிலும் சிறு மணிகளாகப் பசை அரும்பினால் அழுத்தம் போதுமானது. அடியில் மெழுகு பூசிய காகிதம் இடாவிட்டால், வாத்தியம் அச்சுப்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் கட்டிப் பார்த்த பிறகே பசையைத் தொட வேண்டும். மிருகத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் வச்சிரம், பூசிய ஒன்றிரண்டு நிமிஷங்களுக்குள் உறையத் தொடங்கிவிடும். அப்பொழுது ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

மேற்பலகையின் உட்புறம் ஒட்டப்படும் தாங்குச் சட்டங்களுக்கு வளைகழியே தக்க கருவி. பியானோ முதலிய வாத்தியங்கள் செய்வோரும் இதனை ஆண்டிருக்கின்றனர். இரு கெட்டிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டடி இடைவெளியில், நான்கு கால்களால் இணைத்து நிறுத்த வேண்டும். கீழ்ப்பலகைமேல் வேலையை வைத்து, இடைவெளியைவிடச் சிறிது நீண்ட கழிகளை வளைத்து, ஒரு முனை சட்டத்தின்மேலும் மறுமுனை மேற்பலகத்திலுமாகப் பொருத்தினால், கழி நிமிர முயன்று சட்டத்தை அழுத்தும். கழி சிறிது வளைந்திருந்தாலும் மிகுதியாக வளைந்திருந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. கழியின் கனமும் நீளமுமே அதனை நிர்ணயிக்கின்றன. தட்டையான கழியின் கனத்தை இரட்டித்தால் அழுத்தம் எட்டு மடங்காகும். ஆதலால் கழிகளை ஒரே கனமாக இழைத்துக்கொண்டால் அழுத்தமும் எங்கும் ஒரே அளவாக இருக்கும். இத்தகைய நேர்மை இரும்புத் திருகில் எளிதாகக் கிடைப்பதில்லை.

ஸ்பானிய முறைக்கு உயிர்நிலை, சொலேரா என்னும் அச்சுப்பலகை. கித்தாரின் வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும், கழுத்து வைப்பதற்கு ஒருபுறம் நீண்டும் அது அமையும். அகன்ற அடிப்பாகத்தில் இரண்டொரு மில்லிமீட்டர் ஆழத்திற்கு மெல்லிய குழிவு இருக்கும். மேற்பலகையை அதன்மேல் குப்புற வைத்துச் சட்டங்களை ஒட்டினால், பலகை அக்குழிவிற்கேற்பச் சிறிது புடைத்து நிற்கும். பின்பு கழுத்தைச் சேர்த்து, சூட்டில் வளைத்த விலாப்பலகைகளை நிறுத்துவர். இவற்றிற்குத் தென்னிந்திய மலைகளில் விளையும் ஈட்டி மரமும் அத்தேசத்தில் பெரிதும் கொள்ளப்படுகிறது. விலாப்பலகை மேற்பலகையைச் சந்திக்கும் மூலையில் சிறு மரக்கட்டைகளை வச்சிரத்தில் தோய்த்து ஒவ்வொன்றாக நெருக்கமாக ஒட்டுவர். இதற்குக் கருவியே இல்லை. கட்டையை விரலால் அழுத்திச் சிறிது நேரம் பிடித்தால் வச்சிரம் உறைந்து பிடித்துக்கொள்ளும். கட்டைகளுக்குப் பதிலாகக் கீறலிட்ட நீண்ட பட்டையை ஒட்டும் பிறதேசத்துத் தச்சர், துணி உலர்த்தும் கொடியில் மாட்டும் மரக்கவ்விகளை வரிசையாகச் செருகி, அவற்றின் பிடிப்பு போதாவிடில் ரப்பர் வளையம் சுற்றிக்கொள்கின்றனர்.

அச்சுப்பலகைக்கு நன்கு உலர்ந்த மரமோ ஒட்டுப்பலகையோ வேண்டும். ஈர மரத்தாற் செய்தது பின்னர் கோணிப்போய், அதன்மேற் செய்யும் ஒவ்வொரு கித்தாரும் கோணும். காற்றின் ஈரமும் கவனிக்கத்தக்கது. ஈரம் மிகுந்த நாளில் சட்டம் ஒட்டிய மேற்பலகை, வறண்ட காலத்தில் சுருங்க முயன்று வெடிக்கும். நூற்றுக்கு 40 முதல் 50 வரை ஈரமுள்ள காற்றே ஒட்டுவதற்கு ஏற்றது.

அடிப்பலகையை மூடும் வேலையில் கயிறு மீண்டும் வருகிறது. பெட்டியையும் அச்சுப்பலகையையும் சேர்த்துப் பலமுறை சுற்றி, விளிம்பை ஒட்டிச் சிறு ஆப்புக்களைச் செருகிவிடுவர். ஓரப்பட்டி ஒட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்துச் சுற்றுவாரும் உளர். அது இடைவிடாது இழுத்துப் பிடிப்பதால் இவ்வேலைக்கு மிகவும் தகும்.

சிக்கனம் ஆபத்தாகும் இடம் ஒன்றுண்டு, அது குதிரை. நரம்புகளின் இழுப்பு முழுதையும் அச்சிறு கட்டையே தாங்குகிறது. அதன் அடிப்புறம் மேற்பலகையின் புடைப்புக்குச் சரியாகப் பொருந்தும் வரை இழைக்க வேண்டும். பொருந்தாததைக் கிளாம்பின் பலத்தால் வளைத்து ஒட்டினால், சில மாதங்களில் அது பெயர்ந்து பலகையின் நாரையும் உரித்துக்கொண்டு வரும். ஓசைத்துளை வழியாகக் கை நீட்டும் ஆழ்ந்த வாயுடைய கிளாம்பு இங்கே அவசியம். அதனை மரத்தாலும் செய்யலாம். ஆனால் உள்ளே சட்டங்களுக்கிடையே பொருந்தும் தாங்குகட்டை இல்லாமல் முடுக்குதல் கூடாது.

எஞ்சியது மெட்டுப் பலகை. ஒவ்வொரு கித்தாருக்கும் மெட்டுக்களின் தூரத்தைப் புதிதாக அளப்பதைவிட, வெட்டுக்கள் இட்ட ஒரு மாதிரிச் சட்டம் செய்துகொண்டு ரம்பத்தை அதன்வழியே செலுத்துவது விரைவாகும். பழங்காலத் தச்சர், எஞ்சிய நீளத்தை 18-ஆல் வகுத்து அடுத்த மெட்டைக் குறித்தனர். கலிலியோவின் தந்தையாகிய வின்சென்ஸோ கலிலேயி 1581-ல் வெளியிட்ட இசைநூலில் இவ்விகிதத்தைக் கூறியுள்ளார். சரியான எண் 17.817. நரம்பின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 36.48-ல் விழ வேண்டும். 18-ஆல் வகுத்தால் 36.11. இவ்வேற்றுமை அற்பமாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டாவது மெட்டு வருகையில் இது 2.4 மில்லிமீட்டராகப் பெருகி, மேல்ஸ்தாயி அபஸ்வரமாகும். ஆகையால் மாதிரிச் சட்டத்தை முதல்முறை உபயோகிப்பதற்கு முன்பே, பன்னிரண்டாவது வெட்டு 325-ல், அதாவது சரிபாதியில், விழுகிறதா என்று அளக்க வேண்டும். விழாவிட்டால் அச்சட்டத்தைத் திருத்த முயலாமல் அடுப்பிலிட்டு, வேறு சட்டம் எடுப்பதே லாபம்.